"லைட் வைக்கறாங்களே, அதை எப்படி மேடம் அளக்கறீங்க?": சிண்டிலேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். ஊசி போடமாட்டேன், மருந்து எழுதமாட்டேன். மெஷின் எவ்வளவு கதிர் கொடுக்கிறது என்று அளப்பதும், அது சேர வேண்டிய இடத்தில் சேருமா என்று கணக்குப் போடுவதும்தான் வேலை. கறுப்பு வயர் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதாவது கேட்பார்கள். நோயாளிகளோடு வருகிறவர்கள், பயிற்சிக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள், சில சமயம் முள்ளோடை தாண்டும்வரை விடாமல் கேட்கும் பஸ் சிநேகிதர்கள். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முன்னால் உள்ளவை எல்லோருக்கும், போகப் போக மாணவர்களுக்கு.

"அம்மாவுக்கு 25 தடவை லைட் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. டோஸ்னா மாத்திரை டோஸ் மாதிரியா?"

நம் பக்கம் "கரண்ட் வைக்கறது", "லைட் வைக்கறது" என்று சொல்கிறோம். அது கரண்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் இல்லை. ஆற்றல் மிகுந்த எக்ஸ்ரே. மாத்திரையில் டோஸ் என்றால் உள்ளே போன மருந்தின் எடை. இங்கே டோஸ் என்றால் ஒரு கிலோ திசு வாங்கிக்கொண்ட ஆற்றல். ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் என்றால் அது 1 கிரே. 25 முறை, முறைக்கு 2 கிரே என்றால் மொத்தம் 50 கிரே.

2 ஜூல் எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கினால் செலவாகிற ஆற்றல், அவ்வளவுதான். சூடாக மாறினாலும் 2 கிரேக்குத் திசுவின் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. ஆனால் அந்தச் சின்ன ஆற்றல் செல்லின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிற விதத்தில் வந்து சேர்கிறது. அதனால் விளைவு பெரிது. அளக்கிற எங்களுக்குத்தான் பாடு, தெர்மாமீட்டர் வைத்துப் பிடிக்க முடியாது.

"மெஷின்லயே நம்பர் ஓடுதே, தனியா எதுக்கு அளக்கணும்?"

பெட்ரோல் பங்கில் மீட்டர் ஓடுகிறது. இருந்தாலும் ஐந்து லிட்டர் அளவுக் கேன் ஒன்று அங்கேயே இருக்கிறது இல்லையா? அதே கதைதான். மெஷினில் ஓடுவது "மானிட்டர் யூனிட்" என்கிற எண். ஒரு யூனிட்டுக்குத் தண்ணீரில் இத்தனை டோஸ் என்று நாங்கள் அளந்து அமைத்துவைத்தது அது. மெஷின் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதை மட்டும் நம்புவதில்லை.

தினமும் காலையில் பார்க்கும்போது 3 சதவீதத்துக்குள், மாதச் சோதனையில் 2 சதவீதத்துக்குள், வருடச் சோதனையில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இடம் பிசகுவது, உடம்பு அசைவது, கணக்குப் பிழை எல்லாம் சேர்ந்தும் நோயாளிக்குப் போய்ச் சேரும் டோஸ் 5 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது பல பத்தாண்டுகளாக உள்ள இலக்கு. அப்படியானால் அளக்கிற கருவியே 4 சதவீதம் தப்பு செய்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

"சிண்டிலேட்டர்னா என்ன? சிம்பிளா சொல்லுங்க மேடம்."

கதிர் பட்டால் மினுக்கென்று ஒளி விடுகிற பொருள். வீட்டு டியூப்லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உண்டாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடிதான் அதை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தருகிறது. சிண்டிலேட்டரும் அந்த ஜாதி. எக்ஸ்ரே எலெக்ட்ரானைக் கிளப்பிவிடும், எலெக்ட்ரான் ஓடுகிற வழியில் மூலக்கூறுகளை உசுப்பிவிடும், அவை அமைதியாகும்போது ஒளி வரும். விழுந்த டோஸ் இரட்டிப்பானால் ஒளியும் இரட்டிப்பு. அந்த நேர் விகிதம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

புதிய சங்கதி இல்லை இது. 1895 நவம்பரில் ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுகொண்டதே பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய அட்டை இருட்டில் மின்னியதால்தான். 1909-ல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டெனும் துத்தநாக சல்ஃபைடு திரையில் விழும் பொட்டுப் பொட்டான மினுக்கலை இருட்டறையில் உட்கார்ந்து கண்ணாலேயே எண்ணினார்கள். இன்று கண்ணுக்குப் பதிலாக ஒளிப்பெருக்கிக் குழாயோ ஃபோட்டோடயோடோ எண்ணுகிறது.

"அந்தக் கறுப்பு வயர் முழுக்கவும் அதுதானா?"

இல்லை, நுனி மட்டும். ஒரு மி.மீ. தடிமன், மூன்று மி.மீ. நீளம், ஏறக்குறைய ஒரு சீரகம். அதன் பின்னால் சில மீட்டர் நீளத்துக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக் ஃபைபர். வெளி வெளிச்சம் புகாமல் அதற்குக் கறுப்பு உறை. நுனியில் பிறக்கும் ஒளி அதன் வழியே சுவருக்கு வெளியே உள்ள கன்சோல் அறைக்கு வந்து அங்கே மின்சாரமாகிறது. நுனியில் கரண்ட் கிடையாது, ஹை வோல்டேஜ் கிடையாது. நோயாளி பக்கத்தில் வைக்கும்போது இது சாதாரண விஷயம் இல்லை.

"அதை உடம்புல வெச்சா அதுல இருந்தும் ரேடியேஷன் வருமா?"

வராது. அது வாங்குகிற சாமான், கொடுக்கிற சாமான் இல்லை. மெஷின் நின்றதும் ஒளியும் நின்றுவிடும், பிளாஸ்டிக்கில் சில நானோ விநாடிகளுக்குள்.

"அப்போ நீங்க சட்டையில மாட்டியிருக்கற பேட்ஜும் இதுதானே?"

சொந்தக்காரர்கள், ஆனால் ஒருவரில்லை. பேட்ஜில் இருப்பது கால்சியம் சல்ஃபேட் கலந்த டி.எல்.டி. வில்லைகள். கதிரின் ஆற்றலை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால்தான் ஒளியாக வெளியே விடும். மூன்று மாதச் சம்பளத்தை உண்டியலில் போட்டுவைப்பது மாதிரி. சிண்டிலேட்டர் அன்றாடக் கூலி, கையில் வந்ததை அந்த நொடியே கொடுத்துவிடும். அதனால்தான் சிகிச்சை நடக்கும்போதே பார்க்க இது உதவுகிறது. நான் வருடம் முழுக்க எவ்வளவு வாங்கினேன் என்று பார்க்க பேட்ஜ்தான் சரி.

"ஸ்கேன் மெஷின்லயும் சிண்டிலேட்டர் இருக்குன்னு படிச்சேன். அதே கிரிஸ்டலை இங்க போட்டா இன்னும் பளிச்சுனு தெரியாதா?"

தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். காமா கேமராவில் சோடியம் அயோடைடு, பெட் ஸ்கேனில் லுட்டீசியம் கலந்த கிரிஸ்டல். அங்கே வேலை, வருகிற கதிர்த் துகளை ஒன்றுவிடாமல் பிடிப்பது. அதற்குக் கனமான தனிமங்கள் நல்லது. எங்கள் வேலை வேறு. இந்த இடத்தில் உடம்பு எவ்வளவு வாங்கும் என்று தெரிய வேண்டும். கனமான தனிமம் குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயை உடம்பைவிடப் பல மடங்கு அதிகம் விழுங்கும். அது சொல்கிற எண் அதற்குத்தான் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு சோடியம் அயோடைடு ஈரத்தை உறிஞ்சும், நம் கடலோரக் காற்றில் உறை கொஞ்சம் விரிசல் விட்டால் போச்சு.

பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பாலிஸ்டைரீன் அல்லது பாலிவைனில்டொலுவீன் அடிப்படை கொண்டது. கார்பனும் ஹைட்ரஜனும்தான். அடர்த்தி சி.சி.க்கு 1.03 முதல் 1.05 கிராம் வரை, தண்ணீரோடு ஒட்டிப்போகிறது. உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே. பீமுக்கு, அதாவது மெஷினிலிருந்து வரும் கதிர்க்கற்றைக்கு, நடுவில் இதை வைத்தால், வேறு பொருள் ஒன்று வந்து குறுக்கே நிற்கிறது என்றே பீமுக்குத் தெரியாது. 1992-ல் பெட்டார், மேக்கி, ஆட்டிக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைகள் இதைத்தான் முறையாக நிறுவிக் காட்டின. பளிச்சென்று எரிவது முக்கியமில்லை, தண்ணீர் மாதிரி நடந்துகொள்வதுதான் முக்கியம். பிள்ளைகளுக்கு நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைச் சொல்வேன்.

"வருஷக்கணக்கா சேம்பர்தானே யூஸ் பண்றீங்க. அதுல என்ன குறை?"

பெரிய ஃபீல்டில், அதாவது கதிர் விழும் பரப்பு அகலமாக இருந்தால், ஒரு குறையும் இல்லை. உள்ளே உள்ள காற்றில் கதிர் உண்டாக்கும் அயனிகளை வைத்து டோஸ் சொல்லும் அயனி சேம்பர்தான் இன்றும் எங்கள் ராஜா. சிக்கல் ஃபீல்டு சிறுக்கும்போது. வழக்கமான ஃபார்மர் சேம்பருக்குள் இருக்கும் காற்று 0.6 சி.சி., நீளம் இரண்டு செ.மீ.க்கு மேல். மூளையில் உள்ள சின்னக் கட்டிக்கு ஒரு செ.மீ. அகலப் பீம் விடும்போது சேம்பரின் நடுப்பாகம் பீமில், இரண்டு பக்கமும் வெளியில். அது சொல்வது மொத்தத்தின் சராசரி. நெற்றிப் பொட்டு என்ன நிறம் என்று கேட்டால் முகம் முழுவதன் சராசரி நிறத்தைச் சொல்கிற மாதிரி. மேலே சொன்ன சீரக அளவு சிண்டிலேட்டர் இந்தச் சேம்பரைவிடக் கனஅளவில் இருநூற்றைம்பது மடங்கு சிறியது.

இது ஏட்டுப் பிழை இல்லை. பிரான்சின் துலூஸ் நகரில் 2006 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை, சிறிய பீம்களை அளவுக்கு மீறிப் பெரிய சேம்பரால் அளந்து மெஷினை அமைத்துவிட்டார்கள். சேம்பர் குறைவாகக் காட்டியது. பீம் பலவீனம் என்று நினைத்து நேரத்தைக் கூட்டினார்கள். 145 நோயாளிகளுக்குக் கூடுதல் டோஸ் போயிற்று. மெஷின் கெடவில்லை, யாரும் குடித்துவிட்டு வேலைக்கு வரவில்லை. தப்பான அளவுகோல், அவ்வளவுதான். 2017-ல் பன்னாட்டு அணுசக்தி முகமை சிறிய ஃபீல்டுகளுக்கென்றே டி.ஆர்.எஸ். 483 என்ற தனி நெறிமுறையை வெளியிட்டது. அதில் எந்த டிடெக்டருக்கு எவ்வளவு திருத்தம் என்று அட்டவணை உண்டு. பிளாஸ்டிக் சிண்டிலேட்டருக்கான திருத்தம் ஏறக்குறைய ஒன்று, அதாவது திருத்தமே வேண்டாத நிலை.

"புயல் வந்தா டோஸ் மாறிடும்னு ஒரு சீனியர் சொன்னாரு. கிண்டலா?"

பாதி நிஜம். டோஸ் மாறாது, சேம்பரின் வாசிப்பு மாறும். சேம்பருக்குச் சின்னத் துளை உண்டு, வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கும். காற்றழுத்தம் குறைந்தால் உள்ளே உள்ள காற்றின் நிறை குறையும், அயனிகளும் குறையும். 1013 ஹெக்டோபாஸ்கல் 993 ஆக இறங்கினால் வாசிப்பு 2 சதவீதம் சரியும். 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 'தானே' புயல் கரையைக் கடந்ததும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. அந்த மாதிரி நாட்களில் காலையில் எழுதிவைத்த அழுத்தத்தையே மாலையிலும் போட்டுக் கணக்குப் பார்த்தால், இல்லாத குறையை மெஷினில் தேடிக்கொண்டிருப்போம். வெப்பமும் அப்படியே. கணக்கின் அடிப்படை 20 டிகிரி, நம் அறை 25 என்றால் 1.7 சதவீதத் திருத்தம்.

மெஷினுக்குள் இருக்கும் மானிட்டர் சேம்பர்கள் பல காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டவை, திறந்த வகைகளில் மெஷினே திருத்திக்கொள்ளும். சிண்டிலேட்டருக்கு அழுத்தத் திருத்தம் என்ற பேச்சே இல்லை, அது திடப்பொருள். வெப்பத்துக்கு மட்டும் கொஞ்சம் மசியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

"அளக்கும்போது ரூம் லைட்டை ஏன் ஆஃப் பண்ணச் சொல்றீங்க?"

எலியால். உண்மையாகத்தான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நாள் பீம் விடாமலே வாசிப்பு ஏறியது. ஃபைபரைக் கழற்றிப் பூட்டினோம், ஒளிப்பெருக்கியை மாற்றினோம், இரண்டு மணி நேரம் போச்சு. டெக்னீஷியன் தம்பி செல்ஃபோன் டார்ச்சை ஃபைபர் நெடுக மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். நான் வெளியே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இணைப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓர் இடத்தில் எண் துள்ளியது. அலமாரிக்குள் சுருட்டி வைத்திருந்தபோது எலி உறையைக் கடித்திருக்கிறது, ஊசிமுனையளவு இரண்டு பல் தடம். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஐந்து சுற்று சுற்றியதும் அடங்கியது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். முதலில் பீம் இல்லாமல் ஒரு நிமிட வாசிப்பு, பிறகு விளக்கை ஏற்றி அணைத்து ஒருமுறை, நோயாளியை நேராகப் படுக்கவைக்க உதவும் லேசர் கோடுகளையும் அணைத்து ஒருமுறை. மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் மேலே போவேன். ஃபைபரை இப்போது மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறேன்.

"மேம், நுனியில சிண்டிலேட்டரே இல்லாத வெறும் ஃபைபரை பீம்ல வெச்சேன். அப்பவும் ரீடிங் வருது. ஃபைபர் ரிப்பேரா?"

ஃபைபர் நன்றாகவே இருக்கிறது. நீ பார்த்தது செரென்கோவ் ஒளி. இந்தத் துறையின் பாதித் தலைவலி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகு வெளியே போவதைப் பார்த்திருப்பாய். தண்ணீர் அலை நகரும் வேகத்தைவிடப் படகு வேகமாகப் போனால் பின்னால் ஆப்பு வடிவில் அலை விரியும். ஒளியிலும் இப்படி நடக்கும். வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடுகிறது. அக்ரிலிக்குக்குள் அது 2 லட்சமாகக் குறைந்துவிடும். நம் பீம் கிளப்பிவிடும் எலெக்ட்ரான்கள் அதைவிட வேகமாகப் பாயும். அப்போது ஆப்பு மாதிரி நீல ஒளி கிளம்பும். அணு உலைக் குளங்களின் படத்தில் தெரியும் நீலமும் இதுவே. 1934-ல் செரென்கோவ் கண்டது, 1958-ல் நோபல் கிடைத்தது.

அக்ரிலிக்கில் எலெக்ட்ரானுக்கு 0.18 மெகா எலெக்ட்ரான் வோல்ட் இருந்தாலே போதும், இது தொடங்கிவிடும். கோபால்ட் 60 பீமாக இருந்தாலும் சரி, எலெக்ட்ரானை முடுக்கி எக்ஸ்ரே உண்டாக்கும் லினாக் மெஷினின் 6 எம்.வி. பீமாக இருந்தாலும் சரி, அந்த வாசலைத் தாண்டிய எலெக்ட்ரான்கள் ஏராளம். நம் சிண்டிலேட்டர் மூன்று மி.மீ. ஆனால் ஃபீல்டுக்குள் கிடக்கிற வெறும் ஃபைபர் பத்து செ.மீ. இருக்கலாம். ஒவ்வொரு மி.மீ.யும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் ஒளி சேர்க்கும். ஃபைபரை வேறு கோணத்தில் வைத்தால் அது மாறும், பீமோடு 45 டிகிரி பக்கம் வரும்போது அதிகபட்சம் உள்ளே மாட்டும். டோஸ் மாறாமல் ஃபைபர் கிடக்கும் விதம் மாறியதாலேயே எண் மாறினால், நாம் அளந்தது டோஸை இல்லை.

"சரி மேம், அந்தப் பொய் ஒளியை எப்படிப் பிரிக்கறது?"

எளிய வழி, நீ தற்செயலாகச் செய்ததுதான். சிண்டிலேட்டர் உள்ள ஃபைபரையும் இல்லாத ஃபைபரையும் ஒட்டிவைத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது. பீம் சீராக இருக்கும் இடத்தில் சரி. பீமின் ஓரத்தில், ஒரு மி.மீ.க்கு ஒரு மி.மீ. டோஸ் சரியும் இடத்தில், இரண்டு ஃபைபரும் ஒரே பீமைப் பார்ப்பதில்லை.

எனக்குப் பிடித்தது நிற வழி. சிண்டிலேட்டர் ஒளிக்கு ஒரு நிறக் கலவை, செரென்கோவுக்கு வேறு கலவை, நீலம் தூக்கலாக. ஒளியை நீலம், பச்சை என இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக அளந்தால் இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். பத்தாம் வகுப்புக் கணக்கு. இரண்டு டீ ஒரு வடை 40 ரூபாய், ஒரு டீ மூன்று வடை 45 ரூபாய் என்றால் டீ 15, வடை 10 என்று சொல்லிவிடுவாய் இல்லையா? அதேதான். ஆனால் அந்த இரண்டு பில்லும் வேறு வேறாக இருக்க வேண்டும். டோஸ் தெரிந்த ஒரே இடத்தில் நுனியை வைத்துக்கொண்டு, ஒருமுறை ஃபைபரைக் குறைந்த அளவு பீமுக்குள் விட்டும், மறுமுறை சுருட்டி நிறைய உள்ளே விட்டும் எடுக்க வேண்டும். சுருட்டச் சோம்பல்பட்டு இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி எடுத்துவிட்டு விடை தள்ளாடுகிறது என்று வருகிற பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. லினாக்கின் துடிப்பு முடிந்த பிறகு மட்டும் மெதுவான சிண்டிலேட்டரின் ஒளியைப் பார்க்கும் வழியும் இருக்கிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

"இது நேரா கிரேல காட்டுமா?"

காட்டாது. காட்டுவது வெறும் எண்ணிக்கை. கிரே என்கிற மதிப்பை அது கடன் வாங்க வேண்டும். எங்கள் சேம்பர் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வகத்தில் கோபால்ட் 60 பீமில் அளவீடு செய்யப்பட்டு, சான்றிதழோடு வரும். அந்தச் சேம்பரை டி.ஆர்.எஸ். 398 நெறிமுறைப்படி தண்ணீரில் பத்துக்குப் பத்து செ.மீ. ஃபீல்டில் வைத்து டோஸ் தெரிந்துகொள்கிறோம். அதே இடத்தில் சிண்டிலேட்டரை வைத்து, இத்தனை எண்ணிக்கைக்கு இத்தனை கிரே என்று பொருத்துகிறோம். ஆகவே சேம்பர் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது அளவுகோல் கொடுக்கிறது, இது சேம்பர் நுழைய முடியாத சந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

"எங்க அம்மாவுக்கு உள்ள வெச்சு லைட் குடுக்கறாங்க. அப்போ இதை வெச்சுப் பார்ப்பீங்களா?"

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு அப்படிக் கொடுப்பது வழக்கம். இரிடியம் 192 என்கிற கதிர் விடும் சின்னத் துண்டு (அதைத்தான் 'மூலம்' என்போம்) குழாய் வழியாக உள்ளே போய், குறித்த இடங்களில் குறித்த விநாடிகள் நின்றுவிட்டுத் திரும்பும். பக்கத்திலேயே மலக்குடலும் மூத்திரப்பையும். அங்கே இரண்டு செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டிய மூலம் இரண்டு மி.மீ. நெருங்கினால் டோஸ் 23 சதவீதம் ஏறும், இரண்டு மி.மீ. விலகினால் 17 சதவீதம் குறையும். தூரத்தின் வர்க்கக் கணக்கு. அதனால் சிகிச்சை நடக்கும்போதே மலக்குடலில் மெல்லிய சிண்டிலேட்டர் ஃபைபரை வைத்துப் பார்ப்பது நல்ல யோசனை. உலகில் சில மையங்கள் செய்திருக்கின்றன.

ஆனால் பெரும்பாலான மருத்துவமனைகளில் இது அன்றாட வழக்கம் ஆகவில்லை. அம்மாவுக்கு வைக்கவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிற்று என்று பயப்படாதீர்கள். படமெடுத்து, கணக்குப் போட்டு, மூலம் நிற்கும் இடத்தைத் தனியாகச் சோதித்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். மேலே சொன்ன 23 சதவீதத்தில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. ஃபைபரே இரண்டு மி.மீ. நகர்ந்தாலும் எண் அவ்வளவு மாறும். சிகிச்சையில் பிழையா, அளப்பதில் பிழையா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்வது லேசில்லை. இங்கே அவசரப்பட்டு மெஷினை நிறுத்தச் சொல்கிற கருவியைவிடப் பொறுமையான கண் நல்லது என்பது என் கட்சி. எல்லா சகாக்களும் ஒப்புக்கொள்வதில்லை.

"உடம்புச் சூட்டுல ரீடிங் குறையும்னு சொல்றாங்களே?"

ஆமாம், வகையைப் பொறுத்து. நீல ஒளி விடும் பி.சி.எஃப். 12 என்ற சிண்டிலேட்டர் ஃபைபர் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் இழக்கும். பச்சை விடும் பி.சி.எஃப். 60 ஏறக்குறைய 0.5 சதவீதம். 22 டிகிரி அறையில் பொருத்திவிட்டு 37 டிகிரி உடம்புக்குள் வைத்தால் முதலாவதில் ஒன்றரை சதவீதம், இரண்டாவதில் ஏழரை சதவீதம் குறைவாகத் தெரியும். தண்ணீர்த் தொட்டி வேலைக்குப் பிரச்சினை இல்லை. உடம்புக்குள் என்றால் எந்த ஃபைபர் என்று பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு எடு.

"எத்தனை நாள் உழைக்கும்?"

கதிர் சேரச் சேர பிளாஸ்டிக் மெல்ல மஞ்சளாகும், ஒளி குறையும். அதைவிட முன்னால் கொல்வது மனிதக் கை. இறுக்கி மடிப்பது, கதவிடுக்கில் மாட்டுவது, இணைப்பு முகத்தை விரலால் தொடுவது. ஒவ்வொரு முறையும் சேம்பரோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் குறைவு தானாகத் தெரிந்துவிடும்.

"புரோட்டான் தெரபிக்கும் இதே டிடெக்டரை அப்படியே போடலாமா?"

சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை இருப்பதால் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. நல்ல செய்தி முதலில். சிகிச்சையில் பயன்படும் 230 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் தானே செரென்கோவ் ஒளி உண்டாக்கும் வேகத்தை எட்டுவதில்லை. மேலே அழுதுகொண்டிருந்த தலைவலி பெருமளவு போய்விடும்.

பதிலுக்கு இன்னொன்று வரும். புரோட்டான் நிற்கப் போகிற இடத்தில், அந்தக் கடைசி சில மி.மீ.யில், ஆற்றலைக் கொத்தாகக் கொட்டும். அவ்வளவு நெருக்கத்தில் உசுப்பப்பட்ட மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை ஒன்று அவித்துவிடும். ஆற்றல் சேர்ந்த அளவுக்கு ஒளி வராது. 1951-ல் பர்க்ஸ் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார், இன்றும் அதைத்தான் எடுக்கிறோம். விளைவு என்னவென்றால், டோஸ் உச்சமாக இருக்கும் பிராக் முனையில் சிண்டிலேட்டர் குறைத்துச் சொல்லும். நேர் விகிதம் என்று மூன்றாம் கேள்வியில் பெருமையாகச் சொன்னேனே, அது எக்ஸ்ரேக்கும் எலெக்ட்ரானுக்கும். குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயிலும் இதே காரணத்தால் கொஞ்சம் பிசகும். எந்த பீமில் அளக்கப் போகிறாயோ அதே பீமில் பொருத்திக்கொள்.

"பி.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு நாங்களே ஒண்ணு செய்யலாமா?"

தாராளமாக. ஒரு துண்டு சிண்டிலேட்டிங் ஃபைபர், சில மீட்டர் அக்ரிலிக் ஃபைபர், ஒளி பிடிக்க ஃபோட்டோடயோடு, கறுப்பு உறை. முனைகளைச் சொரசொரப்பிலிருந்து வழவழப்பு வரை படிப்படியான தேய்ப்புத் தாளில் எட்டு வடிவில் தேய்த்துப் பளபளப்பாக்குவதில்தான் பாதி வெற்றி. அவசரத்தில் பிளேடால் வெட்டி ஒட்டினால் ஒளி அங்கேயே சிதறிப்போகும். ஆனால் பீம் வேண்டுமென்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற மையத்துக்கு, அங்குள்ள கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுத்தான் வர வேண்டும். நோயாளிகள் எல்லாம் முடிந்த பிறகு, சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும். கடைசி பஸ் பார்த்துக்கொள்.

"ஒரு செ.மீ. ஃபீல்டுல சேம்பர் ஒண்ணு சொல்லுது, டயோடு ஒண்ணு சொல்லுது, சிண்டிலேட்டர் ஒண்ணு சொல்லுது. எதை மேம் நம்பறது?"

உடனே எதையும் நம்பாதே. பத்துக்குப் பத்து ஃபீல்டுக்குத் திரும்பிப் போ. அங்கே மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் சிக்கல் சிறிய ஃபீல்டில் இல்லை, உன் இணைப்பிலோ பொருத்தத்திலோ. ஒத்துப்போனால் நான்குக்கு நான்கு வா, பிறகு மூன்று, இரண்டு. எங்கே பிரியத் தொடங்குகிறது என்று பார். சேம்பர் கீழே இறங்கும், காரணம் முன்பே சொன்ன பொட்டுக் கதை. டயோடு கொஞ்சம் மேலே போகும், அதில் கதிரை உணரும் சிலிக்கான் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி. சிண்டிலேட்டர் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். டயோடுக்கான அட்டவணைத் திருத்தத்தைப் போட்டால் அது சிண்டிலேட்டரை நெருங்கி வர வேண்டும். வந்தால் நிம்மதி.

வராமல் நான் விழித்த நாளும் உண்டு. சிண்டிலேட்டர்தான் குறைத்துச் சொன்னது. செரென்கோவ் கழித்தலை மூன்று முறை திருப்பிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் தொட்டியில் டிடெக்டரை இடமும் வலமும் அரை மி.மீ. அரை மி.மீ.யாக நகர்த்திப் பார்த்தால், உச்சம் நான் மையம் என்று நினைத்த இடத்தில் இல்லை. ஒன்றரை மி.மீ. தள்ளி வைத்திருக்கிறேன். பெரிய ஃபீல்டில் இது ஒரு பொருட்டே இல்லை, ஒரு செ.மீ. ஃபீல்டில் பீமின் சரிவிலேயே கொண்டுபோய் உட்காரவைத்துவிடும். மையத்தைத் திருத்தி அளந்ததும் டயோடும் சிண்டிலேட்டரும் ஒட்டி நின்றன. மறுநாள் காலை வேறொரு ஃபிசிசிஸ்ட் வந்து, என் நோட்டைப் பார்க்காமல் முதலிலிருந்து அளந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த எண்ணை பிளானிங் கம்ப்யூட்டரில் ஏற்றினோம்.